தலையில் நிற்காத புல எண்

ஒரு கிரயப் பத்திரத்தில் புல எண்ணை, அதாவது சர்வே நம்பரை, 147/2பி என்று அடிக்க வேண்டிய இடத்தில் 142/7பி என்று அடித்துவிட்டேன். சேரன்மாதேவிப் பக்கம் 62 சென்ட் நஞ்சை. தெற்கே கன்னடியன் கால்வாய், கிழக்கே வண்டிப்பாதை. ஆன்லைனில் ஏற்றியது சரியாகத்தான் இருந்தது. பத்திரத்தின் சொத்து விவரத்தில்தான் இரண்டு எண்ணும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. நான் பார்த்தேன், எங்கள் ஆபீஸ் அண்ணாச்சி பார்த்தார், வாங்கியவர் பார்த்தார், யார் கண்ணிலும் படவில்லை. மூன்று மாதம் கழித்து வாங்கியவர் வங்கிக் கடனுக்குப் போனபோது, லீகல் பார்த்த வக்கீல் பிடித்துவிட்டார். பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டும். அதற்கு விற்றவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். விற்றவரோ மும்பை தாராவியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். கடையைப் பூட்டிவிட்டு ரயிலேறி வந்தார், என் இரண்டு விரல் செய்த காரியத்துக்காக.

அண்ணாச்சி சத்தம் போடவில்லை. "யம்மா, நீ இப்படிச் செய்யுத ஆள் இல்லையே" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய் அழுது முடித்திருப்பேன். இது உள்ளேயே தங்கிவிட்டது.

பத்திரம் எழுதும் ஆபீசில் எனக்கு இது பத்தொன்பதாவது வருடம். வயது 43. முன்பெல்லாம் மூலப்பத்திரத்தை ஒரு தடவை வாசித்தால் நான்கெல்லையும் தலைக்குள் வயல் வரப்பு மாதிரி விரிந்து நிற்கும். பார்ட்டி வந்து "தெற்கே யார்ம்மா?" என்று கேட்டால் தாளைப் பார்க்காமல் சொல்வேன். கடந்த இரண்டு வருடமாக ஒரு புல எண்ணைத் தாளிலிருந்து விசைப்பலகை வரைக்கும் கொண்டுபோவதே பாடாக இருந்தது. வீட்டிலும் அப்படித்தான். சாமான் வைக்கும் அரங்குக்குள் போய் நின்றுகொண்டு எதற்கு வந்தேன் என்று யோசிப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொதிக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். மகள் "அம்மைக்குக் கோட்டி பிடிச்சிருச்சு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை. என் பெரியம்மை கடைசி நாலு வருடம் பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்டுக்கொண்டிருந்தவள். அந்த வழிதான் எனக்கும் என்று நானே முடிவுகட்டியிருந்தேன்.

பயந்தவள் முதலில் செய்ததெல்லாம் தப்பு. மருந்துக்கடையில் ஞாபகசக்தி டானிக் வாங்கினேன். மூன்று பாட்டில். இனிப்பாக இருந்தது என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வல்லாரைத் துவையல் அரைத்தேன், அது ருசியாவது இருந்தது. அப்புறம் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே "வயசாகுதுல்லா, டென்ஷனைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். 43 வயதுக்கு இது ஒரு பதிலா என்று பஸ்ஸில் வரும்போதுதான் கோபம் வந்தது.

இந்தக் கவலை எனக்கு மட்டும் வந்ததில்லை என்று தெரிந்தது பிறகுதான். அமெரிக்காவில் வருடாவருடம் போனில் கூப்பிட்டு லட்சக்கணக்கான பேரிடம் உடல்நலம் விசாரிப்பார்கள். அதில் ஒரு கேள்வி: உடல், மனம், உணர்வு சார்ந்த ஏதாவது காரணத்தால் கவனம் வைக்க, ஞாபகம் வைக்க, முடிவெடுக்க உங்களுக்குக் கடுமையான சிரமம் இருக்கிறதா? 2013-இல் ஆமாம் என்றவர்கள் நூற்றுக்கு 5.3 பேர். 2023-இல் 7.4 பேர். 45 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை வைத்து 2025-இல் 'நியூராலஜி' இதழில் வந்த கணக்கு இது. மனச்சோர்வு இருப்பதாகச் சொன்னவர்களைக் கழித்துவிட்டுப் போட்டது. என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது வயதுக் கணக்குதான். 70 தாண்டியவர்களிடம் 7.3-இலிருந்து 6.6 ஆகக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. 40 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் 5.1-இலிருந்து 9.7 ஆக, ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்கிறது. "வயசாகுதுல்லா" என்ற பதில் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகவே இல்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது யார் மூளையையும் சோதித்துப் பார்த்த கணக்கு இல்லை. ஆமாம் என்று வாயால் சொன்னவர்களின் கணக்கு. சிரமமே கூடியிருக்கலாம்; வெளியே சொல்லும் கூச்சம் போயிருக்கலாம்; இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். என் ஆச்சி முக்கூடலில் மடியில் சுளகை வைத்துக்கொண்டு காலம் முழுக்க பீடி சுற்றியவள். அவளிடம் யாராவது போன் போட்டு "உனக்குக் கவனம் வைக்கக் கஷ்டமாக இருக்கா?" என்று கேட்டிருந்தால் "போன வையி, இலை காயுது" என்றிருப்பாள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். எங்கள் தெரு மதினி ஒருத்தி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் "ஏட்டி, வீட்டுல உள்ள மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக்கிட்டு ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போ" என்றார். நான் பெற்ற யோசனைகளிலேயே உருப்படியானது இதுதான். மஞ்சப்பையில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டேன். அங்கே இருந்த டாக்டரம்மா பையை மேசையில் கவிழ்த்து ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்தார். இரண்டு அட்டையை மட்டும் தனியே எடுத்து வைத்தார்.

ஒன்று, தும்மலுக்குப் போடும் குளோர்பெனிரமின். பழைய பத்திரக் கட்டுகளின் தூசி எனக்கு ஆகாது. அதனால் தினமும் ராத்திரி ஒன்று போட்டுக்கொண்டிருந்தேன், வருடக்கணக்காக. தூக்கமும் வருகிறது, மூக்கும் அடைக்கவில்லை, ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்திருந்தேன். அந்தப் பழைய அலர்ஜி மாத்திரை உடம்பில் பாதி குறையவே பெரியவர்களுக்கு ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகலாமாம். ராத்திரி போட்டது மறுநாள் மத்தியானம் வரைக்கும் மூளையில் லேசாக மூடுபனி போட்டுக்கொண்டு நிற்கும். நான் 147-ஐ 142 ஆக்கியது காலை பதினொரு மணிக்கு.

இன்னொன்று, நெஞ்செரிச்சலுக்கு வெறும் வயிற்றில் போடும் மாத்திரை. யாரோ எப்போதோ பத்து நாளைக்கு எழுதிக்கொடுத்தது. நான் மூன்று வருடமாகக் கேட்காமலே வாங்கிப் போட்டு வந்தேன். வயிற்று அமிலம் குறைந்தால் சாப்பாட்டிலிருந்து பி12 சத்துப் பிரிந்து உடம்பில் சேருவதும் குறையும். நாங்களோ சைவம். பி12-க்கு எங்களுக்கு உள்ள வழியே பாலும் தயிரும்தான். அதையும் டீயாகக் குடிப்பதோடு சரி. டாக்டரம்மா கேட்ட அடுத்த கேள்வி எனக்கு ஆச்சரியமாக இருந்தது: "உள்ளங்கால்ல எறும்பு ஊருத மாதிரி இருக்கா?" இருந்தது. ஆறு மாதமாக. நாற்காலியில் தொங்கப்போட்டு உட்காருவதால் என்று நினைத்திருந்தேன்.

ரத்தம் கொடுத்தேன். தைராய்டு சரியாக இருந்தது. பி12 132, 200-க்குக் கீழே போனாலே குறை என்பார்கள். ஹீமோகுளோபின் 10.1, பெண்களுக்கு 12 வேண்டும். மாதவிடாய் நிற்கப்போகும் காலத்தின் முன்வாசலில் நிற்கிறேன். சில மாதம் வராது, வந்தால் கொட்டித் தீர்க்கும். அதைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறந்ததில்லை. அந்தப் பருவத்தில் ஹார்மோன் ஏறி இறங்குவதும், ராத்திரி வியர்த்து விழித்துக்கொள்வதும், ஞாபகம் தட்டுப்படாமல் போவதும் சேர்ந்தே வரக்கூடியவை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நாற்பதைத் தாண்டிய பெண்கள் "எனக்கு மறதி" என்று டாக்டரிடம் போனால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

பி12 ஊசி போட்டார்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதை டீயோடு போடக்கூடாது, டீ சத்தைப் பிடித்து நிறுத்திவிடும் என்று தனியாகச் சொன்னார்கள். என் அண்ணன் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறவர். அந்த மாத்திரையும் நாள்பட்டால் பி12-ஐக் குறைக்கும் என்பதால் அவரையும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். நானும் கேட்டுக்கொண்டுதான் நிறுத்தினேன்.

ஆறு வாரத்தில் எறும்பு ஊர்வது குறைந்தது. ஆனால் தலை முழுதாகத் தெளியவில்லை. ஒரு காரணத்தைக் கண்டுபிடித்ததும் எல்லாம் அதனால்தான் என்று நினைத்துவிடுகிறோம். என் விஷயத்தில் அது நாலைந்து நூல் சேர்ந்த முறுக்குக் கயிறு.

2021 மே மாதம் எனக்குக் கொரோனா வந்தது. வாசனை தெரியாமல் இரண்டு மாதம் இருந்தேன். கொரோனா வந்து தேறியவர்களிடமும் ஞாபகத்திலும் திட்டமிடுவதிலும் லேசான குறை தெரிகிறது என்று இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஆன்லைனில் சோதித்து 2024-இல் எழுதினார்கள். உடல்நலம் தேறாமல் இழுத்துக்கொண்டிருப்பவர்களிடம் அது கூடுதலாகத் தெரிகிறது. எனக்கு அதில் எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை, விட்டுவிட்டேன்.

பணக்கவலை விஷயத்தை அப்படி விட முடியவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. தரை, மின்சார வயர், பீரோ, மகளின் புத்தகங்கள் எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். குழுக் கடன், அதற்குமேல் நகை அடகு. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி நெருங்க நெருங்க, அடித்துக்கொண்டிருக்கும் பத்திரத்துக்கு அடியில் இன்னொரு கணக்கு தானாக ஓடிக்கொண்டே இருக்கும். இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள், அதுவும் நம் தமிழ்நாட்டிலேயே. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்து 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். அறுவடைக்கு முன், கையில் காசில்லாத காலத்தில், அடகு வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 78 பேர். பின்பு 4 பேர். அதே ஆட்கள், அதே மூளை. காசு வருவதற்கு முன்னால் புதிர்களையும் எண்களையும் கூடுதலாகத் தவறவிட்டார்கள், வந்த பிறகு அதைவிட நன்றாகச் செய்தார்கள். அந்த அமெரிக்கக் கணக்கிலும் வருடம் 35,000 டாலருக்குக் கீழே சம்பாதிக்கிறவர்களில் ஆமாம் என்றவர்கள் 2023-இல் 12.6 சதவீதம், 75,000-க்கு மேல் உள்ளவர்களில் 3.9. காசில்லாதவன் மறதிக்காரன் என்று நம் ஊரில் ஏளனமாகச் சொல்வார்கள். அவன் தலைக்குள் என்ன கணக்கு ஓடுகிறது என்று கேட்டால் அந்தப் பேச்சு நின்றுவிடும்.

கடனை நான் அடைத்துவிடவில்லை. செய்தது ஒன்றுதான்: 3-ஆம் தேதியிலிருந்து 6-ஆம் தேதி வரைக்கும் பெரிய பத்திரம் எதையும் தனியாக முடிப்பதில்லை. அண்ணாச்சியிடம் காரணத்தையும் சொல்லிவிட்டேன். சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் "அதுக்கென்ன" என்று தலையாட்டிவிட்டு வெற்றிலையை மடித்தார்.

அப்புறம் தூக்கம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அவள் படித்து முடிக்கப் பதினொன்றரை ஆகும். நாலரைக்குக் குழாயில் தண்ணீர் வரும். ராத்திரியில் தூக்கத்தைக் கூட்ட என்னால் முடியாது. "எட்டு மணி நேரம் தூங்குங்கள்" என்று சொல்கிறவர்கள் வந்து தண்ணீர் பிடித்துக் கொடுக்கட்டும். ஆனால் சென்னையில் நடந்த ஒரு ஆய்வு எனக்குக் கை கொடுத்தது. குறைந்த வருமானமுள்ள 452 பேர், கணினியில் விவரம் ஏற்றும் வேலை, கிட்டத்தட்ட என் வேலைதான். படுக்கையில் எட்டு மணி நேரம் கிடந்தாலும் உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம். வெக்கை, சத்தம், கொசு. ராத்திரித் தூக்கத்தை அரைமணி போலக் கூட்டிப் பார்த்தார்கள், வேலையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. மத்தியானம் அரைமணி படுக்கவிட்டார்கள். கவனமும் வேலையும் மனசும் தேறின. 2021-இல் வெளியானது. படுத்த நேரம் வேலை நேரத்தில் போனதால் கூலி கொஞ்சம் அடிபட்டது என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது பின்னறையில் ஒரு பத்தமடைப் பாய் கிடக்கிறது. சாப்பிட்டதும் 25 நிமிடம். முதல் வாரம் பார்ட்டிகள் எட்டிப் பார்த்துவிட்டு "அக்காவுக்கு மேலுக்கு முடியலையா?" என்று கேட்டார்கள். இப்போது மூன்று மணிக்குத்தான் வருகிறார்கள்.

போனைப் பற்றி எழுதாமல் முடியாது. ஆனால் எல்லாப் பழியையும் அதன் தலையில் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கலிஃபோர்னியாவில் குளோரியா மார்க் என்ற ஆய்வாளர் மனிதர்கள் ஒரே திரையில் எவ்வளவு நேரம் நிலைக்கிறார்கள் என்று வருடக்கணக்காக அளந்தவர். 2004-இல் சராசரி இரண்டரை நிமிடம். பிற்பாடு 47 விநாடி. இதை வாசித்ததும் அந்த 142/7பி அன்றைக்கு என்ன நடந்தது என்று உட்கார்ந்து யோசித்தேன். பதிவு ஆன்லைனுக்கு வந்த பிறகு பார்ட்டிகளின் ஓடிபி எல்லாம் எங்கள் வழியாகத்தான் போகிறது. 14 என்று அடித்திருப்பேன், மேசையில் போன் அதிர்ந்திருக்கும், "அக்கா நம்பர் வந்துச்சா?" என்று ஒருவர் கேட்டிருப்பார், ஆறு இலக்கத்தைப் படித்துச் சொல்லியிருப்பேன், திரும்பி வந்து மீதியை அடித்திருப்பேன். அந்த எண்ணை நான் மறக்கவே இல்லை. அது உள்ளே போகவே இல்லை. உள்ளே போகாததை எப்படி மறப்பது?

இப்படி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அண்ணாச்சி ஒன்று சொன்னார். "முன்னால நாம ஒப்புப் பாப்போம்லா, அது எப்ப நின்னுச்சு?"

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒருவர் மூலப்பத்திரத்தைச் சத்தமாக வாசிப்பார், இன்னொருவர் புதுப்பத்திரத்தில் ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டே வருவார். "நூற்று நாப்பத்தேழு, கீழ் ரெண்டு, பி." "சரி." "தெற்கே?" "கன்னடியன் கால்வாய்." இப்படியே கடைசி வரி வரைக்கும். கணினி வந்து, பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டும் பழக்கம் வந்து, இது எப்போது நின்றதென்று இருவருக்கும் நினைவில்லை. என் ஞாபகசக்தி என்று நான் பெருமைப்பட்டதில் பாதி அண்ணாச்சியின் குரலில் இருந்திருக்கிறது. இரண்டு காது கேட்டு, ஒரு வாய் சொல்லி, ஒரு விரல் நகர்ந்து பதிந்தது அது. அந்த முறையை எடுத்துவிட்டு மிச்சத்தைத் தனியாகத் தூக்கச் சொன்னால் எந்தத் தலை தூக்கும்? மறுபடி ஆரம்பித்துவிட்டோம். புதிதாகச் சேர்ந்த பையன் வாசிக்கிறான், நான் ஸ்கேல் பிடிக்கிறேன். அந்தப் பத்து நிமிடம் இரண்டு போனும் மேசை டிராயருக்குள்.

காது விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். என் மாமனாருக்கு 74. "மாமாவுக்குச் சுத்தமா மறந்துபோகுது" என்று வீட்டில் முடிவுகட்டியிருந்தோம். காதைச் சோதித்தால் வலது காது பாதிதான் கேட்கிறது. சொன்னதே சேராதபோது மறதி எங்கே வந்தது? பிற்காலத்து நினைவிழப்பைத் தள்ளிப்போட நாம் சரிசெய்யக்கூடியவை என்று 'லான்செட்' மருத்துவ இதழின் குழு 2024-இல் எண்ணிச் சொன்ன 14-இல் காது கேளாமையும் ஒன்று. மிஷின் வாங்கிக் கொடுத்தோம். இப்போது அத்தை மெதுவாக முணுமுணுப்பதும் கேட்கிறது என்பதில் அவருக்குச் சந்தோஷம் கொஞ்சம் குறைவு.

டாக்டரம்மா ஒன்றைப் பிரித்துச் சொன்னார், அது என் பயத்தைப் பாதியாக்கியது. "நீங்களே வந்து எனக்கு மறதின்னு சொல்லுதீங்க. அது ஒரு விதத்துல நல்லது." உங்களைவிட வீட்டிலுள்ளவர்கள் அதிகமாகக் கவலைப்பட்டால், கேட்ட கேள்வியையே பத்து நிமிடத்தில் மறுபடி கேட்டால், பழகிய வழியில் திக்குத் தெரியாமல் நின்றால், காலம் காலமாகப் போட்ட கணக்கு வராமல் போனால், அப்போது நரம்பியல் டாக்டரிடம் தாமதிக்காமல் போக வேண்டும். திடீரென்று ஒரே நாளில் பேச்சுக் குழறினாலோ குழப்பம் வந்தாலோ அது மறதி இல்லை, உடனே ஆஸ்பத்திரி. சாவியை எங்கே வைத்தேன் என்று தேடுவது வேறு. சாவி எதற்கு என்று தெரியாமல் போவது வேறு. என் பெரியம்மையுடையது இரண்டாவது.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. பி12 400-ஐத் தாண்டிவிட்டது, ஹீமோகுளோபின் 11.6. தும்மலுக்கு வேறு மாத்திரை, அதுவும் தும்மல் வந்தால் மட்டும். பழைய கட்டைப் பிரிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்கிறேன். புல எண் தாளிலிருந்து விசைப்பலகை வரை பத்திரமாக வந்து சேர்கிறது. குடையை மட்டும் இன்னும் பஸ்ஸில் விட்டுவிட்டு வருகிறேன்; அது கல்யாணத்துக்கு முன்பிருந்தே உள்ள வழக்கம், அதற்கு ஊசி கிடையாது.

மீதி இருக்கிற வேலை என் வீட்டுக்காரர். அவரும் இப்போது சில்லறையை எண்ணி வைத்துவிட்டு மறுபடி எண்ணுகிறார், மத்தியானம் கல்லாவிலேயே கண் அசந்துவிடுகிறார். ராத்திரி குறட்டை விட்டுக்கொண்டே இருப்பவர் நடுவில் மூச்சு நின்று திணறி எழுந்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தூக்கத்தில் மூச்சு தடைபட்டால் மறுநாள் மூளை மந்தமாகும், அதற்குச் சோதனையும் வைத்தியமும் உண்டு என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "நான் குறட்டை விடுதேன்னு யார் சொன்னா?" என்கிறார். "ஒரு நாள்கூட என் காதுல விழுந்ததில்லையே."